ஆர்வி ஷவரில் கசிவும் ஈரமும்: சோதனையில் தொடங்கி சீலன்ட் வரை

ஷவர் மூலையில் கறுப்புக் கோடு ஒன்று தெரிந்ததும் பெரும்பாலோர் கடைக்குப் போய் ஒரு சிலிக்கான் குழாய் வாங்கி வந்து, பழைய கோட்டின் மேலேயே புதிதாக இழுத்துவிடுகிறார்கள். எங்கள் டிராவல் டிரெய்லரில் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி, ஆர்வி என்று சொல்வது இப்படித் தங்கிப் பயணிக்கும் வண்டிகளைத்தான்) நானும் முதல் தடவை அதைத்தான் செய்தேன். சில வாரம் பளிச்சென்று இருந்தது. அடுத்த வசந்தத்தில் ஷவர் கதவோரம் கால் வைத்தால் தரை மெத்தென்று அமுங்கியது, ஏனென்றால் நான் அடைத்தது தண்ணீர் வெளியே வரும் வழியை, உள்ளே போகும் வழி அப்படியே திறந்துதான் கிடந்தது.

அதற்கப்புறம் அந்த ஷவரை முழுசாகப் பிரித்து மாட்டினேன், இங்கே அமெரிக்காவில் டிரெய்லர் வைத்திருக்கும் நண்பர்கள் சிலருடைய ஷவரிலும் கூட நின்று வேலை பார்த்தேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: வரிசையில். கீழே உள்ள வரிசையில் சீலன்ட், அதாவது மூட்டை அடைக்கும் பசை, அடிப்பது 7வது படியாக வருகிறது. அதற்கு முந்தைய ஆறையும் தாண்டிக் குதித்தால் அந்த வேலை நிற்காது.

1. கையில் எடுப்பதற்கு முன்: பொருட்களும் நாட்களும்

முதலில் நாள் கணக்கு. ஈரம் இல்லாத ஷவர் என்றால் ஐந்து நாள் போதும், உள்ளே மரம் நனைந்திருந்தால் ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகலாம். அந்த நாட்களில் இந்த ஷவரில் குளிக்க முடியாது. அதனால் வீட்டு வாசலில் நிற்கும்போதோ பொதுக் குளியலறை உள்ள கேம்ப்கிரவுண்டில் இருக்கும்போதோ வேலையை வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை அடித்துவிட்டு சனிக்கிழமை வண்டியை இழுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

தேவையானவை: ஊசி முனை உள்ள ஈரமானி, டார்ச், பிளாஸ்டிக் சுரண்டி, ரப்பிங் ஆல்கஹால், நூல் உதிராத துணி, மாஸ்கிங் டேப், பியூட்டைல் டேப் (பிசுபிசுவென்று ஒட்டும் ரப்பர் பட்டை), இடைவெளியை நிரப்பும் ஃபோம் கயிறு (கடையில் பேக்கர் ராட் என்று கேளுங்கள்), சீலன்ட், அதை அழுத்தும் துப்பாக்கி, ஒரு ரோல் டிஷ்யூ, 5 கேலன் தண்ணீர் கேன் நான்கு. கேன்கள் எதற்கு என்று 7வது படியில் புரியும்.

ஷவர் எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான ஆர்விகளில் மெல்லிய ஏபிஎஸ் பிளாஸ்டிக், சிலவற்றில் ஃபைபர்கிளாஸ். ஏபிஎஸ் விரலால் அழுத்தினால் வளையும், தட்டினால் காலி டப்பா மாதிரி சத்தம் வரும். ஃபைபர்கிளாஸின் பின்பக்கம் சொரசொரப்பாக இழை தெரியும். இதைக் கேட்பதற்குக் காரணம் அசிட்டோன். நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அதே அசிட்டோன் ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும், அக்ரிலிக்கில் விரிசல் விழ வைக்கும். துடைப்பதற்கு ஆல்கஹால் போதும், அதையும் ஊற வைக்காமல் துணியில் நனைத்துத் துடைத்து எடுத்துவிட வேண்டும்.

இப்போது சீலன்ட். வீட்டுச் சுவருக்கு வாங்கும் அக்ரிலிக் லேட்டக்ஸ் வேண்டாம். அது காயும்போது சுருங்கும், அப்புறம் நெடுஞ்சாலையில் வண்டி குலுங்கும் குலுக்கலில் ஓரமாகப் பிரிந்துவிடும். ஆர்வி ஷவரின் ஒவ்வொரு மூட்டும் பயணம் முழுக்க அசைந்துகொண்டே இருக்கும், எனவே இழுபடும் பொருள்தான் வேண்டும். நான் பயன்படுத்துவது நியூட்ரல் க்யூர் (இறுகும்போது வினிகர் வாடை வராத) வகை 100 சதவீத சிலிக்கான், பூஞ்சை எதிர்ப்பு சேர்த்தது. வினிகர் வாடை வரும் சிலிக்கான் சில உலோகங்களை அரிக்கும், இங்கே ஸ்க்ரூ தலைகள் நிறைய இருக்கின்றன. ஹைபிரிட் பாலிமர் வகையும் நன்றாக ஒட்டும். எதை வாங்கினாலும் லேபிளில் உங்கள் பிளாஸ்டிக்கின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கூரைக்கென்று விற்கும் தானாகப் பரவும் லேப் சீலன்டை ஷவருக்குள் கொண்டுவராதீர்கள். சமதளத்தில் ஓடிப் பரவுவதற்காகச் செய்தது அது, நிமிர்ந்த மூலையில் அடித்தால் வழிந்து கீழே வந்துவிடும்.

2. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஷவரோரம் தரை நனைந்தால் அதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம்: அழுத்தத்தில் இருக்கும் குழாய், வடிகால், சுவர் மூட்டுகள், கூரை. நான்கையும் ஒரே நேரத்தில் சோதித்தால் எதுவும் தெரியாது. முதலில் எல்லாவற்றையும் துடைத்து, ஒரு நாள் முழுக்கப் பயன்படுத்தாமல் விட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

குழாய்ச் சோதனை. வெளித் தண்ணீர் இணைப்பைக் கழற்றிவிட்டு, டேங்க் தண்ணீரில் பம்ப்பைப் போடுங்கள். எல்லாக் குழாயும் மூடியிருக்கட்டும். அழுத்தம் ஏறியதும் பம்ப் நின்றுவிடும். அடுத்த ஒரு மணி நேரத்தில் யாரும் எதையும் திறக்காமலேயே அது மறுபடி உறுமினால் எங்கோ அழுத்தக் குழாய் கசிகிறது. ஷவர் குழாயின் பின்பக்கம் பெரும்பாலும் ஒரு சிறிய பலகை இருக்கும், அலமாரிக்குள்ளோ கட்டிலுக்கடியிலோ. அதைக் கழற்றி ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூவால் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தை டிஷ்யூ காட்டிக்கொடுக்கும். பிளாஸ்டிக் நட்டு என்றால் கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று போதும். ஸ்பேனரை வைத்து முறுக்கினால் நட்டின் மரை கெட்டுவிடும், நாளைக்கு அது பெரிய கசிவு.

குளித்து முடித்துக் குழாயை மூடியதும் கைஷவர் இணைப்பில் கொஞ்சம் தண்ணீர் சொட்டி நிற்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். பல ஆர்விகளில் அங்கே ஒரு வேக்யூம் பிரேக்கர் (அழுக்குத் தண்ணீர் குழாய்க்குள் திரும்ப இழுபடாமல் தடுக்கும் பாகம்) இருக்கும், ஹோஸில் மீந்த தண்ணீரை அது அப்படித்தான் வடிக்கும். ஷவர் தட்டுக்குள், அதாவது நாம் நின்று குளிக்கும் அடித்தளத்துக்குள், சொட்டினால் கவலையில்லை.

வடிகால் சோதனை. முதலில் கிரே டேங்க் (குளித்த, கழுவிய தண்ணீர் சேரும் தொட்டி) காலியா என்று பாருங்கள். வண்டியிலேயே தாழ்வான வடிகால் வாய் ஷவர்தான், டேங்க் நிரம்பினால் அழுக்குத் தண்ணீர் இது வழியாகத்தான் மேலே வரும், அதைக் கசிவென்று நினைத்துக் குழம்ப வேண்டாம். டேங்க் காலி என்றால் வடிகால் வாயை நல்ல ரப்பர் மூடியால் அடைத்து, தட்டில் 2 அல்லது 3 செ.மீ. தண்ணீர் நிறுத்தி, நீர்மட்டத்தில் டேப் ஒட்டி அடையாளம் வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். தண்ணீரில் ஒரு சிட்டிகை கேசரி பவுடர் கலந்தால் கீழே எங்கே வந்தாலும் பளிச்சென்று தெரியும், சோதனை முடிந்ததும் உடனே கழுவிவிடுங்கள்.

மட்டம் இறங்கி, அடியிலும் நிறம் தெரிந்தால் தட்டில் விரிசல் அல்லது வடிகால் வாயின் விளிம்பு. மட்டம் இறங்கியும் அடியில் காய்ந்திருந்தால் உங்கள் ரப்பர் மூடிதான் விடுகிறது. கடைசியில் மூடியைத் திறந்து மொத்தத் தண்ணீரையும் ஒரே மூச்சில் விட்டு, கீழே உள்ள வளைகுழாயையும் தொட்டுப் பாருங்கள்.

சுவர்ச் சோதனை. கைஷவரால் கீழிருந்து மேலாக, ஒரு நேரத்தில் ஒரு மூட்டில் மட்டும், ஐந்து நிமிடம் அடியுங்கள். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா மூட்டையும் நனைத்துக்கொண்டே இறங்கும், எது விடுகிறது என்று சொல்லவே முடியாது. இன்னொரு விஷயம், இதைச் செய்யும்போது ஒருவர் தட்டில் ஏறி நிற்க வேண்டும். காலியான தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் விரிசல் 70 கிலோ ஏறினால்தான் வாய் திறக்கும். ஒரு நண்பர் மூன்று முறை சோதித்து மூன்று முறையும் காய்ந்த தரையைப் பார்த்துக் குழம்பினார். நான்காவது முறை அவர் மகன் உள்ளே நின்றான், இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

கூரை. ஷவரைத் தொடாத நாளிலும் மழைக்குப் பிறகு நனைகிறது என்றால் மேலே பாருங்கள். ஷவருக்கு நேர் மேலே இருக்கும் ஸ்கைலைட் (வெளிச்சத்துக்காகக் கூரையில் வைத்த பிளாஸ்டிக் ஜன்னல்) வெயிலில் காய்ந்து, ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றி நட்சத்திரம் போல வெடிக்கும். அது கூரை வேலை, அதற்குப் பியூட்டைல் டேப்பும் லேப் சீலன்டும் வேண்டும். அதைச் சரிசெய்யாமல் ஷவரை எத்தனை முறை அடைத்தாலும் பலனில்லை.

குளிர் நாளில் ஸ்கைலைட்டின் உள்பக்கம் சொட்டினால் அது கசிவா, காற்றின் ஈரம் குளிர்ந்து படிந்ததா? அந்த இடத்தைத் துடைத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். காலையில் துளிகள் தாளின் அறைப்பக்கம் இருந்தால் காற்றின் ஈரம், தாளுக்கும் கூரைக்கும் நடுவில் இருந்தால் பெரும்பாலும் கசிவு.

3. நனைந்த மரத்தைக் காய விடுங்கள்

ஷவருக்குப் பின்னால் இருப்பது மெல்லிய பிளைவுட்டும் சன்னமான சட்டங்களும்தான். அதன் மேல் சீலன்ட் மூடினால் உள்ளே இருக்கும் ஈரத்துக்குப் போக வழியே இருக்காது. நனைந்த பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும்.

ஈரமானியின் ஊசியை மரத்தில் குத்திப் பாருங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் சரி. 20க்கு மேல் என்றால் சீலன்டைத் தொடாதீர்கள். முதலில் ஈரம் பார்க்காத ஓர் இடத்தில், உதாரணமாக கட்டிலுக்கடியில், ஒரு அளவு எடுத்து வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதியாக இருக்கும்.

பலகைகளைக் கழற்றி, டேபிள் ஃபேனை அந்தப் பொந்துக்குள் பார்த்தபடி வைத்து, காற்றின் ஈரத்தை இழுக்கும் கம்ப்ரசர் வகை டிஹ்யூமிடிஃபையரைக் கதவு சாத்தி ஓட விடுங்கள். நனைந்த கண்ணாடிப் பஞ்சை எடுத்துத் தூக்கிப் போடுங்கள், அது காயக் காத்திருப்பது வீண். ஸ்க்ரூடிரைவர் முனையால் தரையைக் குத்திப் பாருங்கள். சுலபமாக உள்ளே இறங்கினால் அந்த மரம் முடிந்துவிட்டது, நல்ல மரம் வரும் வரை வெட்டி எடுத்து மாற்ற வேண்டும். மேலே பிசின் ஊற்றிக் கெட்டியாக்கலாம் என்று நினைப்பது கைப்பிடி அளவு இடத்துக்குச் சரிப்படும், அதற்கு மேல் இல்லை.

மீதி மரத்துக்கு, பூஞ்சையைத் தடுக்கும் போரேட் உப்புக் கரைசல் பூசலாம். பிளீச் மேற்பரப்பைத்தான் வெளுக்கும், மரத்துக்குள் இருக்கும் வேரைத் தொடாது. பூஞ்சையைச் சுரண்டும்போது என்95 முகக்கவசம் கட்டாயம் போடுங்கள், அத்தனை சிறிய இடத்தில் அந்தத் தூசி நேராக நுரையீரலுக்குத்தான் போகும்.

4. தட்டு ஆடுகிறதா?

நான்கு மூலையிலும் நடுவிலும் ஏறி மிதித்துப் பாருங்கள். காலுக்கடியில் தட்டு அமுங்கி எழுந்தால், கிரீச் என்று சத்தம் வந்தால், அடியில் தாங்கல் இல்லை. இதை விட்டுவிட்டு சீலன்ட் அடிப்பதுதான் அனுபவம் உள்ளவர்களும் செய்யும் தவறு. ஒவ்வொரு குளியலிலும் மூட்டு வாய் திறந்து மூடும், எந்த சிலிக்கானும் அதைப் பல மாதம் தாங்காது. வடிகால் வாயும் அதோடு சேர்ந்து ஆடித் தளரும்.

பக்கவாட்டுப் பலகை வழியாகக் கை போனால், பிளைவுட் துண்டுகளை அளவாக வெட்டி அடியில் நுழைத்து, பிசின் வைத்து நிறுத்துவது எளிய வழி. கை எட்டாத இடத்துக்கு, ஜன்னல் கதவுகளுக்கென்று விற்கும் குறைவாக உப்பும் ஃபோமைப் பயன்படுத்தலாம். சாதாரண ஃபோம் உப்பித் தட்டையே தூக்கிவிடும், சாய்வு மாறித் தண்ணீர் வடிகாலை விட்டு மூலைக்கு ஓடும். குறைவாக உப்பும் வகையிலும் தட்டில் கனத்தை ஏற்றி வைத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள். வடிகாலின் நட்டையும் வளைகுழாயையும் பிளாஸ்டிக் சுற்றி மூடிவிடுங்கள், ஃபோமுக்குள் புதைந்த நட்டை நாளைக்கு யாரும் திறக்க முடியாது.

சிமென்ட் கலவை நன்றாகத் தாங்கும், ஆனால் கனம். வண்டி தாங்கும் எடையிலிருந்து அதைக் கழித்துக்கொள்ள வேண்டும், என் டிரெய்லரில் நான் போடவில்லை.

5. வடிகால் வாய்

2வது படியில் இங்கே கசிவு தெரிந்திருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள், இல்லையென்றால் கையால் நட்டு இறுக்கமா என்று பார்த்துவிட்டுப் போகலாம்.

நட்டைக் கழற்றி, விளிம்பை மேலே தூக்கி, பழைய பசையைச் சுத்தமாக எடுங்கள். விளிம்புக்கடியில் பிளம்பர் புட்டி வைக்காதீர்கள். அதில் இருக்கும் எண்ணெய் ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்கைக் காலப்போக்கில் பாழாக்கும். சிலிக்கான் அல்லது பியூட்டைல் டேப் வையுங்கள். அடியில் முதலில் ரப்பர் வளையம், அதற்குக் கீழே வழுக்கும் வாஷர், கடைசியில் நட்டு. வாஷர் இல்லாமல் நட்டைத் திருகினால் ரப்பரும் கூடவே சுற்றி முறுக்கிக்கொள்ளும், அங்கேயே மறுபடி கசியும்.

6. பழைய சீலன்டை ஒரு துளி மிச்சமில்லாமல் எடுங்கள்

சிலிக்கானின் மேல் பெயின்ட் ஒட்டாது, வேறு சீலன்ட் ஒட்டாது, புது சிலிக்கானே சரியாக ஒட்டாது. மேலாகப் பார்த்தால் ஒட்டியது போல இருக்கும், ஒரு பயணம் போய் வந்தால் நீளமாக ரப்பர் பட்டை போல உரிந்து வரும். ஆகவே இந்தப் படியில் சோம்பல் கூடாது.

பிளாஸ்டிக் சுரண்டியால் இரண்டு ஓரத்தையும் கிளப்பி, நீளமாக இழுத்து எடுங்கள். இரும்புக் கத்தி ஏபிஎஸ்ஸில் கோடு போடும், அந்தக் கோடு பிற்பாடு விரிசலாகும். மிச்சம் இருக்கும் படலத்துக்கு, பிளாஸ்டிக்குக்கு ஆகும் என்று லேபிளில் சொல்லும் சிலிக்கான் நீக்கியைப் போட்டுத் தேய்க்கவும்.

மூட்டுக்குள் கறுப்பு இருந்தால் 1 கேலன் தண்ணீருக்கு 1 கப் பிளீச்சுக்கு மேல் போகாமல் கலந்து தடவி, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். வினிகரோ அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரோ அதோடு ஒருபோதும் சேரக்கூடாது, வரும் வாயு நச்சு, அந்தச் சின்ன அறையில் தப்பிக்க இடமில்லை. கூரை வென்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

சுத்தமாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? மூட்டின் ஓரத்தில் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் படலமாகப் பரவினால் சுத்தம். ஓரிடத்தில் மட்டும் முத்து முத்தாகத் திரண்டு நின்றால் அங்கே கண்ணுக்குத் தெரியாத சிலிக்கான் இன்னும் இருக்கிறது. திரும்பத் தேய்க்க வேண்டியதுதான். அப்புறம் ஃபேனை வைத்து ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, கடைசியாக ஆல்கஹாலால் ஒரு துடைப்பு. அதன் பிறகு அந்த ஓரத்தை வெறும் விரலால் தொடாதீர்கள், விரலின் எண்ணெயே ஒட்டுவதைக் கெடுக்கும்.

7. இப்போது சீலன்ட்

முதலில் கனம். நான்கு 5 கேலன் கேன்களையும் தண்ணீரால் நிரப்பித் தட்டில் வையுங்கள். கேனுக்குச் சுமார் 19 லிட்டர், நான்கும் சேர்ந்து 75 கிலோ வரும், ஒரு ஆள் நிற்பது போல. தட்டு கொஞ்சம் இறங்கும், மூட்டு தன் அகலமான நிலையில் இருக்கும். அந்த நிலையில் சீலன்ட் இறுகினால், பிறகு ஒருவர் ஏறி நிற்கும்போது அது இழுபட வேண்டியதில்லை. காலித் தட்டில் அடித்தால் முதல் குளியலிலேயே அது இழுபடத் தொடங்கும். வண்டியையும் மட்டமாக நிறுத்திக்கொள்ளுங்கள்.

இடைவெளி 6 மி.மீட்டருக்கு மேல் இருந்தால் ஃபோம் கயிற்றை உள்ளே அழுத்தி வையுங்கள். சீலன்ட் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்டினால்தான் நடுவில் ரப்பர் போல இழுபட முடியும், பின்னாலும் ஒட்டிக்கொண்டால் மூன்று பக்கமும் பிடித்து இழுத்துக் கிழிந்துவிடும். கயிறு சீலன்டையும் மிச்சப்படுத்தும்.

மூட்டின் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், நடுவில் 6 முதல் 8 மி.மீ. திறந்திருக்கட்டும். சீலன்ட் குழாயின் மூக்கைச் சாய்வாக, சிறிய ஓட்டையாக வெட்டுங்கள். புதியவர்கள் பெரிய ஓட்டை வெட்டிவிடுகிறார்கள், அப்புறம் எங்கு பார்த்தாலும் பசை.

நிமிர்ந்த மூலைகளை முதலில், கீழ் மூட்டைப் பிறகு. துப்பாக்கியை ஒரே வேகத்தில் நகர்த்தி, நடுவில் நிறுத்தாமல் மூலைக்கு மூலை போங்கள். நிறுத்திய இடத்தில்தான் ஊசித்துளை விழும். மூன்று மூட்டு சேரும் மூலையில் கொஞ்சம் கூடுதலாக வைத்து அழுத்துங்கள், நான் பார்த்த கசிவுகளில் அதிகம் அந்த மூலையில்தான்.

அடித்த உடனே விரலாலோ உருண்டை முனைக் கருவியாலோ ஒரே இழுப்பில் அழுத்தி விடுங்கள், இரண்டு சுவரிலும் பதிய வேண்டும் என்பதற்காக. சோப்புத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு இழுக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. அந்தத் தண்ணீர் இன்னும் அடிக்காத மூட்டில் சிந்தினால் அங்கே ஒட்டாது, எனவே நான் கையுறை விரலில் வெறுமனே இழுத்துவிடுகிறேன். மிக மெல்லியதாகத் தேய்த்துவிடாதீர்கள், காகிதம் மாதிரி இருக்கும் ஓரம் முதலில் உரியும்.

டேப்பை உடனே, மேலே தோல் படிவதற்குள் எடுத்துவிடுங்கள். மூட்டு மூட்டாகச் செய்தால் நேரம் கிடைக்கும்: ஒன்றில் டேப், சீலன்ட், இழுப்பு, டேப் நீக்கம், அப்புறம் அடுத்தது.

சுவரில் தெரியும் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஓட்டையில் ஒரு பொட்டு சீலன்ட் வைத்துத் திரும்பப் போடுங்கள். இறுக்கி முறுக்கினால் ஏபிஎஸ் அந்த ஓட்டையிலிருந்தே வெடிக்கும். குழாயின் முகப்புத் தகட்டைச் சுற்றி மேலேயும் இரண்டு பக்கமும் மட்டும் அடைத்து, அடிப்பக்கத்தைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். தகட்டுக்குப் பின்னால் எப்போதாவது தண்ணீர் போனால் அது சுவருக்குள் தேங்காமல் இந்தப் பக்கம் வழிந்து உங்களுக்குத் தெரியும்.

சிலிக்கான் இறுகக் காற்றில் ஈரம் வேண்டும். குளிர்காலத்தில் கதவை மூடி ஹீட்டரைப் போட்டு உலர்த்தினால் சீக்கிரம் இறுகும் என்று நினைப்பார்கள், வறண்ட காற்றில் அது இன்னும் மெதுவாகத்தான் இறுகும். இந்த நேரத்தில் டிஹ்யூமிடிஃபையரை அணைத்து வையுங்கள். லேபிள் 24 மணி நேரம் என்றால் நான் 48 விடுகிறேன். அதுவரை கேன்கள் தட்டிலேயே இருக்கட்டும், வண்டியும் நகர வேண்டாம்.

8. கதவுச் சட்டம்: எந்தப் பக்கம் அடைப்பது?

கதவுச் சட்டத்தின் கீழ்ப்பட்டையில் உள்பக்கம் பார்த்தால் சிறு துளைகள் இருக்கும். பட்டைக்குள் விழுந்த தண்ணீர் தட்டுக்கே திரும்புவதற்கான வழி அவை. ஆர்வக்கோளாறில் அதையும் அடைத்துவிட்டால் தண்ணீர் பட்டைக்குள் தேங்கி, முனைகள் வழியாக வெளித்தரைக்கு இறங்கும். சட்டத்தின் வெளிப்பக்கத்தை அடையுங்கள், கீழ்ப்பட்டையின் உள்பக்கத்தைத் திறந்தே விடுங்கள். பட்டையின் இரண்டு முனைகள், செங்குத்துச் சட்டத்தோடு சேரும் இடம், அங்கே நன்றாக அழுத்தி அடையுங்கள். கதவின் அடியில் இருக்கும் ரப்பர் நாக்கு விறைத்துப்போயிருந்தால் மாற்றுங்கள், மலிவானதுதான்.

9. மறுபடி அதே சோதனை

கேன்களை எடுத்துவிட்டு, 2வது படியின் வடிகால், சுவர்ச் சோதனைகளை ஆள் நிற்க வைத்துத் திரும்பச் செய்யுங்கள். பின்பக்கப் பலகைகளை அதற்கு முன் மாட்டாதீர்கள், மாட்டிவிட்டால் பார்க்க வழியில்லை. முதல் நீண்ட பயணம் முடிந்து வந்ததும் இன்னொரு முறை. நின்ற வண்டியில் தேறிய மூட்டு, ஓடிய வண்டியில் தேறுகிறதா என்பதுதான் கேள்வி. வெளியிலிருந்து தண்ணீர் இணைக்கும்போது அழுத்தத்தை 40 முதல் 50 பிஎஸ்ஐக்குள் வைக்கும் ரெகுலேட்டரைப் போடுங்கள், சில கேம்ப்கிரவுண்டுகளில் அழுத்தம் இணைப்புகளைப் பிய்க்கும் அளவுக்கு வரும்.

10. கசிவே இல்லாமல் வரும் ஈரம்

மூட்டெல்லாம் சரியாக இருந்தும் சுவரில் பூஞ்சை வருகிறது என்றால் அது காற்றில் இருக்கும் நீராவி. வண்டியின் உள்ளே காற்று கொஞ்சம்தான், ஒருவர் குளித்தாலே நிரம்பிவிடும்.

குளிப்பதற்கு முன்பே கூரை வென்ட்டைத் திறந்து ஃபேனைப் போடுங்கள், முடிந்த பின்னும் 20, 30 நிமிடம் ஓடட்டும். கூடவே, வண்டியின் மறுகோடியில் ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். உள்ளே வரக் காற்று இல்லாவிட்டால் ஃபேன் சுற்றும், ஆனால் எதையும் வெளியே தள்ளாது. மழையிலும் திறந்து வைக்க, வென்ட்டுக்கு மேலே ஒரு மூடி மாட்டிக்கொள்வது நல்ல செலவு.

குளித்த கடைசி ஆள் வைப்பரால் சுவர்களையும் தட்டையும் இழுத்துவிட்டு, ஒரு துண்டால் மூலைகளைத் துடைக்க வேண்டும். அதன் பிறகு ஷவர் கதவைத் திறந்தே விடுங்கள். நனைந்த துண்டுகளை உள்ளே காயப்போட்டால் துடைத்த தண்ணீரெல்லாம் திரும்பக் காற்றுக்கே வந்துவிடும்.

ஷவருக்குச் சம்பந்தமில்லாத ஈரமும் உண்டு. அடுப்பு வாயுவான புரொப்பேன் 1 கிலோ எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வெளிவரும். அடுப்பில் இட்லிப் பானையை ஏற்றினால் அதன் ஆவியும் சேர்ந்துகொள்ளும், எல்லாமும் வண்டியிலேயே குளிர்ந்த இடமான ஸ்கைலைட்டிலும் ஷவர் மூலையிலும் போய்ப் படியும். சமைக்கும்போதும் வென்ட் திறந்திருக்கட்டும். வண்டியைச் சூடாக்கும் ஃபர்னஸ் தன் புகையை வெளியே விடுவதால் அதனால் இந்தப் பிரச்சினை இல்லை.

சிறிய ஈரப்பதமானி ஒன்றைக் குளியலறைக்கு வெளியே மாட்டுங்கள். 30 முதல் 50 சதவீதம் நல்லது, 60க்கு மேலேயே நின்றால் டிஹ்யூமிடிஃபையர் தேவை. தெர்மோஎலக்ட்ரிக் வகைச் சிறு பெட்டிகள் ஒரு அலமாரிக்குப் போதும், முழு வண்டிக்குக் கம்ப்ரசர் வகைதான்.

11. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும்போது

உறைபனி வரும் ஊர் என்றால் ஷவர் குழாயில் மீந்த தண்ணீர் உறைந்து, பிளாஸ்டிக் உடலை வெடிக்க வைக்கும். வசந்தத்தில் முதல் முறை பம்ப் போடும்போது சுவருக்குள் தண்ணீர் கொட்டும். வெந்நீர், தண்ணீர் இரண்டு பக்கத்தையும் திறந்து, கைஷவர் ஹோஸைத் தட்டுக்குள் தொங்கவிட்டு முழுசாக வடியுங்கள். குழாய்களில் ஆர்விக்கென்று விற்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸை ஓட்டி, வடிகாலிலும் ஒரு கப் ஊற்றுங்கள். காருக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் பெரும்பாலும் நச்சு, அதைத் தண்ணீர்க் குழாய்க்குக் கொண்டுவரவே கூடாது.

ஷவர் கதவு, அலமாரிக் கதவுகள் எல்லாம் திறந்திருக்கட்டும். மின்சாரம் இல்லாத இடத்தில் நிறுத்தினால் கால்சியம் குளோரைடு ஈர உறிஞ்சி டப்பாவை வையுங்கள். அதில் சேரும் உப்புத்தண்ணீர் உலோகத்தை அரிக்கும், எனவே டப்பாவைக் கவிழாத ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் இறக்கி, வாளியை ஷவர் தட்டின் நடுவில் வைத்து, மாதம் ஒருமுறை போய்க் கொட்டிவிட்டு வாருங்கள். போன கையோடு ஈரமானியால் கதவோரத் தரையில் ஒரு குத்து குத்தி, எண்ணைத் தேதியோடு கதவின் உள்பக்கம் ஒட்டிய தாளில் எழுதி வையுங்கள். எங்கள் தாளில் இப்போது 11, 12, 11 என்று ஓடிக்கொண்டிருக்கிறது.